டேப்பக்காவின் பழைய டேப்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. டேப்பக்கா என்றால்தான் தெரியும். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது கழுத்தில் போடுகிற டேப்பை, சாப்பிட உட்காரும்போதுகூடச் சில நாள் கழற்ற மறந்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குத் தைக்கிறவள். தெருப் பெண்களின் இடுப்பு ஏறி இறங்கிய கதை அவர்கள் புருஷன்மாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளிடம் இருந்தது இரண்டு டேப். புதியது கழுத்தில், பழையது மேசை டிராயரில். துணி டேப் நாள்பட நாள்பட இழுபட்டு நீண்டுவிடும். இந்தப் பழசு முப்பது இஞ்சுக்கு ஒரு இஞ்ச் நீண்டிருந்தது. அதை வைத்து அளந்தால் எப்பேர்ப்பட்டவளும் ஒரு இஞ்ச் இளைத்துப்போவாள். வேறு தையல்காரியாக இருந்தால் எப்போதோ குப்பையில் போட்டிருப்பாள். டேப்பக்காவுக்கு மனசு வரவில்லை. அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தாள்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். "அக்கா, ரெண்டு இஞ்ச் கம்மியாவே தைங்க, அடுத்த மாசம் இளைச்சிருவேன்." ஒருத்தி விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறாள், கொழுப்பு கரைகிறதாம். ஒருத்தி வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு வேர்க்க வேர்க்க வீடு பெருக்குகிறாள். இன்னொருத்தி, 'எண்ணெயில் பொரிக்காதது' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது என்பதற்காக மூன்று பாக்கெட்டை ஒரே மூச்சில் தின்கிறாள். டேப்பக்கா யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டாள். பழைய டேப்பை எடுத்து அளந்து, எண்ணை உரக்கச் சொல்வாள். வந்தவள் முகம் பூரித்துப்போகும். நோட்டில் மட்டும் ஒரு இஞ்ச் கூட்டி எழுதி, உண்மை அளவுக்கே தைத்துக் கொடுப்பாள். உடுப்பும் கச்சிதம், மனசும் குளிர்ச்சி. இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, தங்கை மகள் விஷயம் வரும்வரை.

தங்கை மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அப்படிப்பட்ட சேட்டை. இப்போது இருபது வயது. விமானத்தில் பணிப்பெண் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். பயிற்சிக்குச் சேர இரண்டு மாதம் இருந்தது. யூனிஃபார்ம் இன்ன நிறம், இன்ன மாதிரி, தைத்துக்கொண்டு வரவும் என்று ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். இடுப்பு இத்தனை இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கூடத் தேர்வான எவளோ ஒருத்தி ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். அதை வாலு வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

வாராவாரம் அளவு கொடுக்க வந்தாள். சொந்தப் பெண் என்பதால் இவளுக்கு மட்டும் கழுத்தில் கிடந்த புது டேப்தான். முதல் இரண்டு வாரம் பெரியம்மாவுக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் வாரம் புஜத்தைச் சுற்றி டேப்பை ஓட்டியபோது கட்டைவிரலும் நடுவிரலும் தாமாகவே ஒன்றை ஒன்று தொட்டன. நான்காம் வாரம் டேப்பை உருவியபோது அதோடு ஒரு கொத்து முடியும் வந்தது. தொட்ட கை ஐஸாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, இவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறாள். டேப்பக்கா அளப்பதை நிறுத்தினாள்.

"என்னடி சாப்பிடற நீ?"

"நல்லாத்தான் சாப்பிடறேன் பெரியம்மா. டயட் ஐட்டம்." பையைத் திறந்து பெருமையாகக் காட்டினாள். பச்சை இலை படம் போட்ட சிப்ஸ் பாக்கெட் ஒன்று, 'ஸ்லிம்' என்று கொட்டை எழுத்து. ஒரு டப்பாவில் மூலிகை டீ. மூடியில் இருந்த படத்தில், ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாலு கழிவறைக்குப் போனாள். அடிக்கடி போனாள். அந்த இடைவெளியில் டேப்பக்கா ஊசி கோர்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். முன்பக்கம் அத்தனை பெரிய எழுத்து, பின்பக்கம் எறும்பு எழுத்து. மாவுச்சத்து, பாமாயில், உப்பு, வாசனைப்பொடி. சர்க்கரை என்ற பேரில் ஒரு தடவை, குளுக்கோஸ் சிரப் என்ற பேரில் ஒரு தடவை, வாயில் நுழையாத இன்னொரு பேரில் மூன்றாம் தடவை. கலோரி குறைவுதான், ஆனால் அது ஒரு தடவை சாப்பிடும் பங்குக்காம், பாக்கெட்டுக்குள் நாலு பங்காம். அட பாவிகளா, காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவில்லையா என்று எரிச்சல் வந்தது. பிறகு டீ டப்பாவைத் திருப்பினாள். கடைசி வரியில் நிலாவாரை இலை என்று இருந்தது. கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோய் மறுபடி படித்தாள். மலச்சிக்கலுக்குப் பேதி மருந்தாகக் கொடுக்கிற இலை அது.

வாலு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இது கொழுப்பையா எடுக்குது? உடம்புல இருக்கற தண்ணியை எடுக்குதுடி! எத்தனை கப் குடிக்கற?"

"எல்லாரும் குடிக்கறாங்க பெரியம்மா. இன்னும் ஒரே ஒரு இஞ்ச். அது வந்ததும் நிறுத்திடறேன், சத்தியமா."

டேப்பக்கா தங்கையிடம் சொல்லியிருக்கலாம். தங்கை ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நிற்கிறவள். அவளிடம் சொன்னால் வீடு ரெண்டுபடும், இந்தப் பெண் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று பயந்தாள். பயந்த நேரத்தில் புத்திசாலித்தனம் ஒன்று தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்கிறாள். அடுத்த வாரம் வாலு வந்தபோது அவள் டிராயரைத் திறந்து பழைய டேப்பை எடுத்தாள்.

"இந்தா பாரு, நீ கேட்ட அளவு வந்தாச்சு!"

வாலு துள்ளிக் குதித்துப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். எலும்புகள் குத்தின. அன்று கடையில் இருந்த வாழைப்பழம் ஒன்றை முழுசாகச் சாப்பிட்டாள். சாமர்த்தியமாகக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று டேப்பக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

எட்டு நாள் வாலு வரவில்லை. ஒன்பதாம் நாள் மதியம், கடைசி டிரையலுக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. ஸ்கர்ட்டை மாட்டி ஜிப்பைப் போட்டுவிட்டு டேப்பக்கா கையை எடுத்ததும் அது வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு அது கண்ணிலேயே படவில்லை. கண் கலங்க, கையில் சுருட்டி வைத்திருந்த புத்தம் புது டேப்பை நீட்டினாள்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தேன் பெரியம்மா. ஒரு இஞ்ச் ஏறிட்டேன். ஒரே ஒரு வாழைப்பழம், உடனே ஒரு இஞ்ச்! அதுக்கப்புறம் எதையும் தொடல. டீயை ரெண்டு மடங்காக்கிட்டேன்…"

சொல்லி முடிப்பதற்குள் காலைச் சுற்றிக் கிடந்த ஸ்கர்ட்டின் மேலேயே சரிந்தாள்.

டேப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படிக் கத்தினாள், யார் ஆட்டோ பிடித்தார்கள், ஒன்றும் நினைவில்லை. மடியில் கிடந்த தலை கனமே இல்லாமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

டாக்டரம்மா நெஞ்சில் ஒயர்களை ஒட்டித் திரையைப் பார்த்தாள். கோடு இரண்டு முறை ஒழுங்காகக் குதித்தது, மூன்றாவதில் தடுமாறியது. "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். சலவை ஈரம் காயாத கையோடு ஓடிவந்திருந்த தங்கை, "நல்லாத்தான் சாப்பிடறா டாக்டர்" என்றாள். டேப்பக்காதான் வாலுவின் பையிலிருந்து டீ டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா பின்பக்கத்தைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"வயிறு போகப் போக பொட்டாசியமும் போயிடுச்சு. அது இல்லாம இதயம் தாளம் தப்பும். இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டிருந்தீங்கன்னா…"

மறுநாள் காலை வாலு கண் விழித்துப் பேசினாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்தவுடன் அந்தக் குழாயைப் பார்த்து, "இதனால எடை ஏறுமா?" என்றாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இனியும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று டேப்பக்காவுக்குப் பட்டது. ராத்திரி கடையைப் பூட்டப் போனபோது பையில் அள்ளிப் போட்டு வந்திருந்த இரண்டு டேப்பையும் எடுத்துப் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"நான் உன்னை ஏமாத்திட்டேன்டி. அன்னிக்கு அளந்தது இந்தப் பழசு. இழுபட்டுப் போனது. பாரு, இதுல முப்பது வர்ற இடத்துல புதுசுல முப்பத்தொண்ணு. நீ ஒரு இஞ்சும் ஏறல. அளவு வந்தாச்சுன்னு சொன்னா நீ நிறுத்திடுவேன்னு நம்பி…"

தங்கை அக்காவை வெறித்துப் பார்த்தாள். வாலு விரலால் முப்பதைத் தொட்டாள், முப்பத்தொன்றைத் தொட்டாள். திட்டட்டும், டேப்பை எடுத்து மூஞ்சியில் எறியட்டும் என்று டேப்பக்கா காத்திருந்தாள்.

வாலுவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் ஏறவே இல்லையா பெரியம்மா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது டேப்பக்காவுக்கு வந்த பயம், அவள் கடையில் சரிந்தபோதுகூட வரவில்லை.

நர்ஸ் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கொஞ்சமாக வாயால் குடிக்க ஆரம்பிக்கலாமாம். டேப்பக்கா ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"இதுல என்ன இருக்கு?"

வெறும் தண்ணிடி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே சொல்லு, சொல்லித் தொலை என்று தங்கையின் கண்ணும் கெஞ்சியது. டேப்பக்கா ஸ்பூனை டம்ளரில் வைத்துவிட்டு, கிழிந்த பொட்டலத்தை எடுத்தாள். பையைத் துழாவி ஊசி கோர்க்கும் கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

"உப்பு. பொட்டாசியம். குளுக்கோஸ், அதாவது சர்க்கரை."

வாலுவின் வாய் இறுக மூடிக்கொண்டது. டேப்பக்கா மறுபடி ஸ்பூனை எடுத்து நீட்டினாள். கை வலித்தது. இறக்கவில்லை.

"எவ்வளவு சர்க்கரை?" பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது கேள்வி.

"ஒரு லிட்டருக்குப் பதிமூணரை கிராம்."

"ஒரு ஸ்பூனுக்கு?"

"எனக்குக் கணக்குத் தெரியல கண்ணு. ரொம்பக் கொஞ்சம். ஆனா இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

வாலு பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கோடு குதித்தது, தடுமாறியது, மறுபடி குதித்தது. கடைசியில் உதடு கொஞ்சம் திறந்தது. பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. டேப்பக்கா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துவிட்டு அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.