விளக்குப் போட்டதும் யாரைப் பார்ப்பார்கள்

ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க ஜலஜாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் வேண்டும். காலையில் தனியாக ஒருமுறை பார்ப்பார். மாலையில் கணவர் ஜம்புவைப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு முறை. இரண்டாம் முறை அவர் கவனிப்பது படத்தை அல்ல, ஜம்புவை. ஜம்பு எந்த இடத்தில் தூங்கிப்போகிறார் என்பதை நோட்டில் குறித்துக்கொள்வார். "நாற்பத்திரண்டாம் நிமிஷம். வாத்தியார் அறிவுரை சொல்ல ஆரம்பிச்சதும் போயிட்டார்" என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் படம் திரையிடப்படவில்லை.

ஜலஜாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. தலைநகரில் லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வீடு. நான்கு வருடங்களாகச் சனிக்கிழமை தோறும் நாலு மணிக்குக் காலனியின் சமூகக்கூடத்தில் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரையிலான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறார். கூடம், புரொஜெக்டர், ஜமுக்காளம் ஆகியவை காலனித் தமிழ்க் குழுவினுடையவை. தேர்வு முழுக்க முழுக்க அவருடையது. இதில் அவர் யாருக்கும் பங்கு கொடுத்ததில்லை.

இது தொடங்கியதற்குக் காரணம் அவருடைய மகன் அர்விந்த். இப்போது பூனாவில் வேலையில் இருக்கிறான். பதினாறு வயதில் ஒருநாள், "நீ நல்ல படம்னு சொல்றதெல்லாம் மருந்து மாதிரி இருக்கும்மா" என்றான். மற்ற தாய்மார்கள் கோபித்துக்கொண்டிருப்பார்கள். ஜலஜா யோசித்தார். பிள்ளைகளுக்கு நல்லது என்று பெரியவர்கள் எடுத்து வைப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வசதியானதுதான் என்ற முடிவுக்கு வந்தார். அங்கிருந்து தனக்கென்று சில விதிகளை உண்டாக்கிக்கொண்டார்.

சான்றிதழில் என்ன வயது போட்டிருக்கிறது என்று பார்ப்பார். அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். ரத்தமோ முத்தமோ அவரை அவ்வளவாக உறுத்துவதில்லை. பொய்தான் உறுத்தும். நோட்டில் நிராகரிப்புக்கான காரணங்கள் இப்படி இருக்கும்: "கதாநாயகன் அவளை அறைகிறான், உடனே பாட்டு." "வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒருத்தர்கூட நெளியவில்லை." "நல்லது செய்தவனுக்கு அரை மணியில் பரிசு கிடைத்துவிடுகிறது." படத்துக்கு முன் பத்து நிமிடம் ஒரு காணொளி உண்டு. அதையும் அதே கண்டிப்போடு தேடுவார். குளவி மண்கூடு கட்டுவது, பாலத்தின் தூணை ஆற்றுக்குள் இறக்குவது, இப்படி ஏதாவது. பின்னணி இசை காதைப் பிளந்தால் தள்ளிவிடுவார். படம் முடிந்ததும், "என்ன கத்துண்டேள்?" என்று அவர் கேட்டதே இல்லை.

கூடத்துக்கு இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். அதில் ஆறேழு பேர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் அல்ல. ரயில் பாதையை ஒட்டிய குடிசைப் பகுதியிலிருந்து வருபவர்கள். அவர்களுடைய தாய்மார்கள் குடியிருப்பு வீடுகளில் வேலை செய்கிறார்கள். காலனியில் இந்த இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காரும் இடம் அது ஒன்றுதான். ஆரம்பத்தில் குழுவில் எதிர்ப்பு இருந்தது. "தமிழ்ப் பசங்களுக்குன்னுதானே போர்டு வெச்சிருக்கோம்? அவா என்ன பஞ்சாபியா?" என்று ஜலஜா கேட்டார். எதிர்ப்பு அதோடு அடங்கியது.

அந்த ஆறேழு பேரில் பிரபா முக்கியமானவள். பதினைந்து வயது. தமிழ் சொல்லித்தரும் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அம்மா முத்தம்மா நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். அப்பா பச்சைமுத்து கட்டட வேலை. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் மட்டும் தெரியும். திரையில் யாராவது வேகமாகப் பேசினால் எல்லாத் தலைகளும் பிரபா பக்கம் சாயும். "ஏய், க்யா போலா?" என்று அக்ஷய் இந்தியில் கேட்பான். "சும்மா இரு, அப்புறம் சொல்றேன்" என்பாள். ஆனால் உடனே சொல்லிவிடுவாள்.

இருநூறாவது திரையிடல் வந்தது. ஜலஜா அதற்கென்று ஒரு படத்தை ஒரு மாதமாக எடுத்து வைத்திருந்தார். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகள் தெருவிளக்கில் படிக்கிறாள். அம்மா வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாள் அவளுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறாள். கடைசியில் அந்தப் பெண் மாநிலத்தில் முதலிடம் பெற்று வீட்டுக்கார அம்மாளின் காலைத் தொடுகிறாள். படம் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. ஜலஜா இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதார். ஜம்பு தூங்கவில்லை, அவரும் மூக்கைச் சிந்தினார். இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று ஜலஜா நினைத்தார். எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தவர் தன் கண்ணீருக்கு ஒரு விதி வைத்திருக்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடி மாதுரியின் மகள் ஸ்ம்ருதிக்குப் பதின்மூன்று வயது, இளகிய மனசு. அவள் திரும்பிப் பிரபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரபா, அப்படியே உன் ஸ்டோரி மாதிரியே இருக்குல்ல? எங்கம்மா கூட உனக்கு புக்ஸ் வாங்கித் தரேன்னு சொல்லிண்டே இருக்கா."

இருபது முகங்கள் பிரபாவைப் பார்த்தன. அத்தனையும் அன்பான முகங்கள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். பிரபா "ம்" என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தம்பி ஐயப்பனை இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. ஐயப்பன் வரவில்லை. குடிசைப் பகுதியிலிருந்து யாருமே வரவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்ஷய் பழக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து எதையோ கேட்டான். அங்கே வெறும் ஜமுக்காளம்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. குழுச் செயலாளர் அனந்தகிருஷ்ணன் ஜலஜாவை மாடிப்படியில் பிடித்தார். அவர் கெட்டவர் அல்ல, ஒழுங்கை விரும்புபவர்.

"பாத்தீங்களா மேடம், அவங்களுக்கு இன்ட்ரெஸ்ட் இல்ல. நானே சொல்லணும்னு இருந்தேன். மாசக் கடைசி மீட்டிங்ல ஐடி கார்டு சிஸ்டம் கொண்டுவந்துடலாம். குடியிருப்புல இருக்கிறவங்களுக்கு மட்டும். எல்லாருக்கும் க்ளியரா இருக்கும்."

"மாசக் கடைசிக்கு இன்னும் ரெண்டு சனிக்கிழமை இருக்கு" என்றார் ஜலஜா.

முத்தம்மாவை அன்றே மாதுரி வீட்டு வாசலில் பார்த்தார். "பரீட்சைக்குப் படிக்குதுக்கா" என்றாள் முத்தம்மா, துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே. பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜலஜா படம் பார்க்கவில்லை. குடிசைப் பகுதிக்கு நடந்தே போனார். கிளம்பும்போது ஜம்பு, "வெறுங்கையோடவா போறே? நாலு ஆப்பிளாவது வாங்கிண்டு போயேன்" என்றார்.

"அந்தப் படத்துல வீட்டுக்கார மாமி பழத்தோடதான் போனா. எனக்கு வேண்டாம்" என்றார் ஜலஜா.

பச்சைமுத்துவின் வீடு ஒரே அறை. செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் பட்டறையில் ஆட்டோவைப் பழுதுபார்த்தபடி, வண்டியைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைத் திட்டித் தீர்க்கும் காணொளி அது. முத்தம்மா அவசரமாக எழுந்தாள். ஜலஜா கையமர்த்திவிட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். ஆட்டோவுக்குச் சைக்கிள் டயர் போடச் சொல்லிக் கேட்டவனுக்குக் கிடைத்த திட்டில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பிரபாவைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் படத்தை நான்தான் தப்பா எடுத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

முத்தம்மா, "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரும்மா" என்றாள் பிரபா. "படம் நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. நானும் அழுதேன். ஆனா அந்தப் பொண்ணு படம் முழுக்க ஒருதடவ கூட கோவப்படல. ஒருதடவ கூட சிரிக்கல. படிச்சிக்கிட்டே இருந்தா, இல்லன்னா அழுதுக்கிட்டே இருந்தா. அப்புறம் லைட்டு போட்டதும் எல்லாரும் என்னப் பாத்தாங்க. படம் பாக்க வந்தா படத்தத்தானே பாக்கணும்?"

"ஆமாம்" என்றார் ஜலஜா.

"நம்ம வீட்ல ரெண்டு லைட்டு இருக்குதுங்க" என்றார் பச்சைமுத்து. "ஒண்ணு நானே மாட்டினது. அந்தப் பொண்ணோட அப்பன் என்னத்துக்குத் தெருவுல உக்கார வச்சான்னுதான் எனக்கு விளங்கல."

எல்லாரும் சிரித்தார்கள். ஜலஜா எழுந்தார். வா என்று அழைக்கவில்லை.

"சனிக்கிழமை நாலு மணி. வரதும் வராததும் உன் இஷ்டம்."

"என்ன படம்?"

"அது எப்பவும் சொல்றதில்லையே."

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தார். திரையிடக் காத்திருந்த படங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதிக்கொண்டு போனார்: விளக்குப் போட்டதும் யாரைப் பார்ப்பார்கள்? திக்குவாய்ப் பையனைப் பற்றிய படம் ஒன்று இருந்தது. கூடத்தில் ஒருவனுக்குத் திக்கும். அதை அடித்தார். குடிகாரத் தகப்பனைப் பற்றிய ஒன்றையும் அடித்தார். அது யாருக்காக என்று எழுதவில்லை. ஆனால் ஏழைகள் வரும் படங்கள் எல்லாவற்றையும் அவர் அடித்துவிடவில்லை. சிலவற்றில் ஏழை மனிதர்கள் ஆசைப்பட்டார்கள், ஏமாற்றினார்கள், வீம்பு பிடித்தார்கள், தவறு செய்தார்கள். அவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட முடியாது. சண்டைதான் போட முடியும். அவற்றை வைத்துக்கொண்டார். ஒரு மனிதனை இன்னொருவனுக்குப் பாடமாக ஆக்கிவிட்டால் பாடம் கற்றவனுக்கு வேண்டுமானால் லாபம் இருக்கலாம். பாடமானவனுக்கு அந்தக் கூடத்தில் இடம் இல்லாமல் போகிறது. ஜலஜா இதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. அவர் செய்தது இதுதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு அவர் எடுத்த படத்தில் ஒரு மலையூர்ப் பெண் வாலிபால் அணியிலிருந்து நீக்கப்படுகிறாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள். ஆத்திரத்தில் எதிரூர் அணியில் போய்ச் சேர்கிறாள். தன் பழைய தோழிகளின் பலவீனங்களை எல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொடுத்து ஜெயிக்கவும் ஜெயிக்கிறாள். கடைசிக் காட்சியில் பேருந்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. படம் அவளைத் தண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஜம்பு தூங்கவில்லை. முடிந்ததும், "அந்தப் பொண்ணு பண்ணது சரியா?" என்று கேட்டுவிட்டு இரவுச் சாப்பாடு வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்.

நாலு மணி அடித்தது. ஜலஜா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காணொளியைத் தொடங்கிவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவருகில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. பிரபா, ஐயப்பன், பின்னால் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் வரவில்லை. அக்ஷய் நகர்ந்து இடம் விட்டான். ஸ்ம்ருதி திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திரையைப் பார்த்தாள்.

விளக்குப் போட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

"சீட்டர்! அவ ஃபுல் சீட்டர்!" என்றான் அக்ஷய்.

"உன்ன டீமை விட்டுத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் பிரபா. "கேப்டன் ஒரு காரணமாச்சும் சொன்னாளா? ஒண்ணு கூட சொல்லல."

"அதுக்குன்னு ஃப்ரெண்ட்ஸோட சீக்ரெட்டை சொல்லிடுவியா நீ?" ஸ்ம்ருதி பாய்ந்தாள். "நான்னா உன்கூட அப்புறம் பேசவே மாட்டேன்."

"பேசாத. யாரு கெஞ்சினா?" என்றாள் பிரபா சிரித்துக்கொண்டே. ஸ்ம்ருதி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள்.

அனந்தகிருஷ்ணன் ஐடி கார்டு விண்ணப்பத் தாள்களை ஜலஜாவிடம் காட்ட வந்தவர். பாதிப் படத்தில் நுழைந்து, சுவரில் சாய்ந்து நின்றபடி மீதியைப் பார்த்துவிட்டார்.

"இதுல மெசேஜ் என்ன மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்ககிட்டே கேளுங்கோ."

"நான் சொல்றேன். ஊருக்குத் துரோகம் பண்ணவ ஜெயிக்கக் கூடாது. படம் தப்பு."

பிரபா சட்டென்று திரும்பினாள். "எப்படி அங்கிள்? அந்த ஊருதான மொதல்ல அவள வெளிய தள்ளுச்சு? உள்ள சேக்கலன்னா அது எப்படி அவ ஊரு?"

அவள் வாலிபாலைப் பற்றித்தான் கேட்டாள். அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை. அனந்தகிருஷ்ணன் கையில் இருந்த தாள்களைப் பார்த்தார், அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அது வேற விஷயம்மா. காரணம் சொல்லாம எடுத்தது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா..."

"ஆனான்னு சொல்லக் கூடாது அங்கிள்" என்றான் ஐயப்பன்.

காவலாளி எட்டிப் பார்த்தான். "மேடம்ஜி, ஜல்தி. ஏழு மணிக்கு கீர்த்தன் பாடற பார்ட்டி வந்துடும்." யாரும் எழுந்திருக்கவில்லை. ஜலஜா வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நீங்க மொத பாதி பாக்கவே இல்ல" என்றாள் பிரபா. "அவ எவ்ளோ நல்லா ஆடுவான்னு அதுலதான் வருது. பாக்காம எப்படி முடிவு பண்றீங்க?"

அனந்தகிருஷ்ணன் ஜலஜாவைப் பார்த்தார். "அடுத்த வாரம் இதையே இன்னொரு தடவ போடலாமே மேடம்?"

"போட்ட படத்தைத் திருப்பிப் போடறதில்லை" என்றார் ஜலஜா. "அடுத்த வாரம் வேற படம். நாலு மணிக்கு வந்துடுங்கோ. ஆரம்பத்துலேர்ந்து பாக்கலாம்."