ஆனந்தி விதைக்காத வருடம்

செய்தி வந்தபோது நான் அரியலூரில், வேலை பார்க்கும் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஒரு வயதான அம்மாவின் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். பையில் கைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அதிர்ந்தபோது என்னவென்று தெரிந்துவிட்டது. ஊசியை ஏற்றி, பிளாஸ்திரி ஒட்டி, அந்த அம்மாவின் கையை மெத்தை மேல் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். ஸ்காட்லாந்திலிருந்து மோய்ரா பேசினார். ஆனந்தியின் பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருடம் அந்த ஊரில் வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆனந்தி போய்விட்டாள் என்று சொன்னார். பிறகு, "உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆனந்தியோடு திருச்சியில் நர்சிங் படித்தவர்களும், பிறகு ஸ்காட்லாந்தில் அவளோடு வார்டில் நின்றவர்களும் இதைப் படிப்பீர்கள். அவளை உங்களுக்குச் சிரிக்கிறவளாகத்தான் தெரியும். அரும்பாவூர்க்காரி. கணவர் சிறுவாச்சூர் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தபோது மகள் யாழினிக்கு மூன்று வயது. குழந்தையை அண்ணன் ராமசாமி வீட்டில் விட்டுவிட்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னோடு ஒரே விமானத்தில் ஸ்காட்லாந்து வந்தாள். எங்களுக்கு வேலை கிடைத்தது வடகோடியில், கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில். மார்கழியில் மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆனியில் வெளிச்சம் போகவே போகாது. வந்த முதல் வாரம் அவள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்த ஊருல சூரியனுக்கும் டூட்டி நேரம் சரியில்ல."

அந்தக் குளிரில் அவள் மிளகாய் வளர்த்ததைப் பார்த்த எல்லோரும், ஊர் ஞாபகத்தில் வளர்க்கிறாள் என்று நினைத்தார்கள். அது தப்பு. அவள் அப்பா அரும்பாவூரில் மிளகாய் போட்டவர். பள்ளிக்கூடம் விட்டதும் கொல்லையில் இறங்கிப் பழம் பறிக்க வேண்டும். "கை எரியும் அக்கா. தண்ணியில வுட்டாலும் எரியும், எண்ணெ தடவுனாலும் எரியும். நர்சிங் சேர்ந்தப்ப நான் நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான், இனிமே மிளகாயத் தொடக் கூடாதுன்னு." அப்படிச் சொன்னவள்தான் கடைசியில் நாற்பத்தொரு வகை வளர்த்தாள்.

அதற்குக் காரணம் டொனால்ட் என்ற ஒரு நோயாளி. நாங்கள் போன இரண்டாவது குளிர்காலத்தில் அவள் வார்டில் படுத்திருந்தார். பழைய மீனவர், நுரையீரல் போய்விட்டது, சொந்தம் என்று யாரும் இல்லை. அவருக்கு மூச்சைவிடப் பெரிய கவலை, வீட்டு ஜன்னலில் விட்டுவிட்டு வந்த மிளகாய் நாற்றுகள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று வருகிற நர்ஸ் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு நகர்ந்தோம். ஆனந்தி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். டூட்டி முடிந்து பஸ் பிடித்துப் போய்த் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தொட்டியையும் போட்டோ எடுத்து மறுநாள் அவரிடம் காட்டுவாள். மாசி மாதம் அவர் இறந்தார். வீட்டைக் காலி செய்ய ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் என் காரைக் கேட்டாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது தொட்டிகளைப் பழைய போர்வைகளால் சுற்றி எடுத்து வந்தோம். "எதுக்குடி இது?" என்று கேட்டேன். "அவரு செத்த அன்னிக்கே இதுங்களும் சாவணுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீடே தோட்டமாக மாறிவிட்டது. தை பிறந்ததும் விதைப்பு. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிதான் அந்த வீட்டிலேயே சூடான இடம். துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு விதைத் தட்டுகளை அதற்குள் அடுக்கினாள். சில விதைகள் ஒரு வாரத்தில் முளைக்கும். அதிகக் காரமான வகைகள் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். முளைத்ததும் அறையில் விளக்கு. வைகாசிக்கு மேல்தான் வீட்டுக்குப் பின்னால் செடிகளுக்காகப் போட்ட கண்ணாடிக் கூண்டுக்கு மாற்ற முடியும். அங்கே தேனீ வராது. அவளே சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுவாள். எலுமிச்சை நிறத்தில், சாக்லேட் நிறத்தில், கத்தரிப்பூ நிறத்தில் எல்லாம் காய்த்தன. ஊதாப் பூ பூத்து, கறுப்பு விதையோடு காய்க்கும் ஒரு மலைநாட்டு மிளகாய் குளிரைப் பொருட்படுத்தவே இல்லை. நம்மூர்க் குண்டு மிளகாய் மட்டும் கடைசி வரை பிஞ்சு பிடிக்கவில்லை, பூவாகவே உதிர்ந்தது. மூன்று வருடம் முயன்றுவிட்டு, "இதுக்கு வெயில் பத்தல, வுட்டுருவோம்" என்று அந்தத் தொட்டியில் வேறு விதை போட்டாள்.

ஒரு நாள் மாலை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். நாற்றுகளுக்காகப் போட்ட விளக்கின் ஊதா வெளிச்சம் தெருவெல்லாம் தெரிந்திருக்கிறது. யாரோ கஞ்சா என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்தி அவரை உள்ளே கூட்டிப்போய், போன வருடத்து ஊறுகாயை ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். அவர் கண்ணில் நீர் வழிய இரண்டு டம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் நேரில் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்த மாதம் இங்கே என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, நான் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியது கடினமானது.

நான் ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். இரண்டாம் வருடம் ஆடி மாதம், பேச்சின் நடுவில், செடியில் பூச்சி விழுந்ததைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "அக்கா, இடது மார்ல ஒரு கட்டி இருக்கு. பட்டாணி அளவு. நகர மாட்டேங்குது."

நகராத கட்டி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கே டாக்டரிடம் போ என்றேன்.

"யாழினிக்கு விசா போட்டிருக்கேன் அக்கா. அவளுக்குப் பதினெட்டு ஆகப் போவுது, இத வுட்டா அப்புறம் கெடைக்காது. இப்பப் போயி நான் லீவுல படுத்தேன்னா வேலைய என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. வேலை இல்லன்னா எனக்கே விசா இல்ல. அவ வந்து எறங்கட்டும். மறுநாளே காட்டிக்கிறேன்."

"ஆனந்தி, நீ நர்சு."

"அதனாலதான் உங்ககிட்ட சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க. எங்கண்ணன்கிட்ட சொன்னீங்கன்னா அவ்வளவுதான், உங்ககூட பேச மாட்டேன்."

நான் சரி என்றேன்.

அவள் பயந்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால் உடனே விசா போய்விடுமா? விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். கேட்டால் வார்டு வரை செய்தி போய்விடும் என்று அவள் கேட்கவில்லை. மருத்துவமனையில் இருபது வருடம் வேலை பார்த்த நானும் கேட்கவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஒவ்வொரு ஞாயிறும் "எப்படி இருக்கு?" என்பேன். "நெல்லிக்கா ஆயிருச்சு" என்பாள். பிறகு மிளகாய் பழுத்த கதையைச் சொல்வாள்.

மார்கழியில் யாழினி போய்ச் சேர்ந்தாள். ஏழெட்டு வருடம் வீடியோவிலும் விடுமுறையிலும் மட்டுமே பார்த்த அம்மா. வந்த மூன்றாம் நாள் தன் துணிகளை வைக்க அந்தச் சூடான அலமாரியைத் திறந்து, அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த தட்டுகளை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். ஆனந்தி கத்திவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள்.

"பெரியம்மா, எங்கம்மாவுக்கு என்னயவிட செடிங்கதான் முக்கியம். எதுக்கு என்னைய வரச் சொன்னாங்க?"

அப்போது அவள் அம்மாவின் கட்டி ஆறு மாதம் வளர்ந்திருந்தது. "புது எடம்மா, சரியாப் போயிடும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தக் குழந்தையிடமும் நான் மறைத்தேன்.

மறுநாளே என்று சொன்ன ஆனந்தி தை முதல் வாரம்தான் டாக்டரிடம் காட்டினாள். புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தது. தலைமுடி கொட்டத் தொடங்கியபோதுதான் மகளுக்குச் சொன்னாள். வேலையிலிருந்து யாரும் அவளை உடனே விலக்கவில்லை; சம்பளத்தோடு விடுப்புதான் கொடுத்தார்கள். அவளேதான் இதை என்னிடம் சொன்னாள்.

அந்த வருடமும் அவள் விதைத்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு நாற்காலியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டு உட்கார்ந்தே எல்லாம் செய்தாள். யாழினி அவளுக்கும் செடிக்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். மோய்ரா தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தார். புரட்டாசியில் ஒரு ஞாயிறு, வீடியோவில் என் கண்ணெதிரே ஆனந்தி பழங்களை வெறுங்கையால் அரிந்துகொண்டிருந்தாள். அவள் தோட்டத்திலேயே மிகவும் காரமான வகை அது. கையுறை போடச் சொல்லித் திட்டினேன். மருந்தில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. விரல்களைக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"எரியவே இல்ல அக்கா" என்றாள். சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அடுத்த தை வந்தது. விதைத்தாயா என்று கேட்டேன்.

"இந்த வருசம் இல்ல. முளைச்சு நிக்கும்போது நான் போயிட்டா யாரு தண்ணி ஊத்துறது? புள்ளைக்கு அந்த வேலை வேணாம்." இருந்த விதைகளை எல்லாம் சின்னச் சின்ன உறைகளில் போட்டு, பெயர் எழுதி, தன்னோடு விதை மாற்றிக்கொண்டவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டிருந்தாள். பின்லாந்துக்கு, நார்வேக்கு, கனடாவுக்கு. மோய்ராதான் முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அனுப்பவில்லையா என்றேன். "உங்களுக்கு எதுக்கு? உங்க ஊரு வெயிலுக்குத் துப்பிப் போட்டாலே முளைக்கும்" என்றாள். மாசி முடிவதற்குள் இறந்தாள். வயது நாற்பத்தாறு.

அங்கேயே எரித்தார்கள். அம்மாவின் வேலை முடிந்ததால் மகளின் விசாவும் முடிந்தது. நாட்டை விட்டுப் புறப்படச் சொல்லிக் கடிதம் வந்தது. யாழினி அங்கே கல்லூரியில் சேர்ந்திருந்த ஒரு வருடப் படிப்பு பாதியில் நின்றது. பதினான்கு மாதம். ஆனந்தி எதை மறைத்து, எதைப் பொறுத்து வாங்கினாளோ அது அவள் மகளுக்குப் பதினான்கு மாதம்தான் கிடைத்தது.

யாழினி அஸ்தியோடு திருச்சி விமான நிலையத்தில் இறங்கினாள். ராமசாமி அண்ணனும் நானும் போய்க் கூட்டிக்கொண்டு நேராகத் திருமழபாடிக்குப் போனோம். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாகக் கொஞ்சம்தான் ஓடியது. மணலில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. கரைத்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன் முன்னால் போய்விட்டார். யாழினி என் பக்கத்தில் நடந்தபடி கேட்டாள்.

"பெரியம்மா, அம்மா உங்ககிட்ட எப்ப சொன்னாங்க?"

"ஆடி மாசம்."

"நான் போறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

அவள் நின்றாள். "அன்னிக்கு நான் அழுதுகிட்டு உங்களுக்குப் போன் பண்ணுனனே. அப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்ல. அடுத்த பிளைட்டுல ஊருக்கே திரும்பிக்கூட வந்திருப்பேன்."

வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆடியிலேயே காட்டியிருந்தால் ஆனந்தி பிழைத்திருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். பிழைத்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. மோய்ராவுக்கு அன்று மாலை போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பக்கத்து வீட்டிலேயே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் எங்கள் வார்டைப் பெருக்கித் துடைக்கும் தனம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஐம்பது வயது தாண்டியவர். மூன்று மாதமாக ரத்தம் படுகிறதாம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாராம். அது முடியட்டும் என்றார். "மேடம், உங்கள நம்பித்தான் சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லுவேன்" என்றேன். அவர் கையைப் பிடித்து அப்படியே டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அன்று மாலையே அவர் மகளுக்கும் போன் செய்தேன். பரிசோதனைக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

ஆனந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். இது அவள் எனக்குக் கொடுக்க நினைத்தது இல்லை. இருந்திருந்தால் அவளும் என்னைத் திட்டியிருப்பாள். தனம் இப்போது என்னோடு பேசுவதில்லை. தினமும் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி என்னைத் தாண்டிப் போகிறார். போகட்டும்.