குணசேகரன் பார்த்த தடுப்பாட்டம்

போன சனிக்கிழமை காலை, கிள்ளான் மண்டபத்தில் பயிற்சியைத் தொடங்கவிருந்தபோது பிரவின் ஓடிவந்தான். "கோச், குணா அங்கிள் தவறிட்டாராம்," என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். ஆறு ஆண்டுகளாக அவனுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுப்பவன் நான். எனக்காக இப்படி அழுவானா என்றுதான் முதலில் தோன்றியது. குணசேகரனை அறிந்த உங்களிடம் இதை மறைத்துக்கொண்டு நான் அஞ்சலி எழுத முடியாது.

நான் மாநில அணிக்கு ஆடியவன். குணாவுக்கோ பந்தை ஒழுங்காகத் தட்டக்கூட வராது. பிரிக்பீல்ட்ஸில் அலுவலக வேலை. வார இறுதிகளில் ரயிலேறி வந்து, எங்கள் கிளப் ஆட்டங்களை மடிக்கணினியில் பதிவுசெய்வார். யார் களத்தில் நிற்கும்போது எதிரணி எத்தனை புள்ளி எடுக்கிறது, அவர் வெளியேறினால் எத்தனை என்று கணக்குப் போடுவார். மெல்ல மெல்ல எல்லாரும் என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

அம்பாங் போட்டிக்கு அணியை முடிவுசெய்ய, கிளப் செயற்குழுவினரும் குணாவும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடினோம். பிரவினை முதல் ஐவரில் சேர்க்க நான் மறுத்தேன். அவன் பந்தைப் பறிப்பதில்லை, கூடைக்குப் போகும் பந்தைத் தட்டிவிடுவதுமில்லை. அப்புறம் என்ன தடுப்பாட்டம்?

"தட்டிவிட்டாத்தான் டிஃபென்ஸா கோச்? இவன் நிக்கிற பக்கம் பந்தே வரமாட்டேங்குது லா," என்று குணா திரையைத் திருப்பினார். பிரவின் ஆடும்போது எதிரணியின் புள்ளிகள் நன்றாகவே குறைந்திருந்தன. செயற்குழுவினர் சோற்றில் கை வைத்தபடியே திரைப் பக்கம் குனிந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"அவன் இறங்குறப்ப எதிர் டீம்ல முதல் அஞ்சு பேரும் வெளிய, ரெண்டாவது செட்டுதான் ஆடுது. சும்மா பிள்ளைங்ககிட்ட எடுத்த கணக்கு இது," என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவரை மட்டம் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

குணா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அத நான் பார்க்கல. பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுவாரம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கோச் சொன்னது சரி. நான் காட்டுன வித்தியாசம் பெரும்பாலும் அதனாலதான். மிச்சத்த வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது."

நான் ஜெயித்தேன். பிரவின் பெஞ்சிலேயே இருந்தான். ஆனால் அன்று எல்லாரும் மதிப்போடு பார்த்தது அவரைத்தான். என்னால் தாங்க முடியவில்லை.

அம்பாங்கில் எங்கள் உயரமான ஆட்டக்காரனுக்குக் கால் பிசகியது. வேறு வழியின்றி, எதிரணியின் முதல் ஐவருக்கு எதிராகப் பிரவினை இறக்கினேன். அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரன் அவனைத் தாண்ட முடியாமல் பந்தைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தான். வென்றோம். குணா குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒரே ஆட்டம் கோச். இத வச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது," என்றார்.

பிரவினிடம், "உன்னைய நான்தான் கண்டுபிடிச்சேன்," என்று பெருமையடித்தேன். பக்கத்தில் நின்ற குணா வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய உடலை எடுத்த பிறகு, பிரவினைத் தனியே அழைத்து, அன்று சாப்பாட்டுக் கடையில் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"தெரியும் கோச். கமிட்டி அண்ணே ஒருத்தரு அப்பவே சொல்லிட்டாரு. ஏன் கோச்சுக்கு விட்டுக்கொடுத்தீங்கன்னு அங்கிள்கிட்ட போயி கோவமா கேட்டேன். 'கோச் கேட்டது நல்ல கேள்விடா, நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும்'னாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், பொறாமைதான். முன்பு அவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது, நான் வன்மத்தோடு எறிந்ததைக்கூட நல்ல கேள்வியாக ஏந்திக்கொண்ட அந்த மனத்தைப் பார்த்து.