ஒருசந்தியும் ஒரு மாத்திரையும்

ஆவூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் சுமந்த பங்கிராசுக்கு நடைதான் பிழைப்பு. 1962-ல் அந்தக் காலே மக்கர் பண்ணியது. நூறு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்; நின்றால் விட்டுவிடும். விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

"ரத்தம் சரியா ஓடலை. பீடிய இன்னையோட விடணும்," என்ற புதுக்கோட்டை டாக்டர் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். "ரத்தம் உறையாம இருக்க இதைச் சில பேரு குடுத்துப் பாக்குறாங்க. நாமளும் பாப்போம். ஆனா வயித்தைப் புண்ணாக்கும். சாப்பிட்ட பிறகுதான் போடணும். வெளிக்குக் கருப்பாப் போனா அன்னைக்கே ஓடி வரணும்."

மனைவி ஜெபமாலையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்ததும், அவர் காலுக்காக இருவரும் நாற்பது நாள் ஒருசந்தி இருப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நாளுக்கு ஒரே வேளை, நடுப்பகலில் கேப்பைக் களி. மாத்திரையை மட்டும் விடவில்லை, மகராசி! விடியற்காலையில் வெந்நீரோடு நீட்டுவாள்.

"மருந்து சாப்பாடா என்ன? ஒருசந்தி முறியாதுங்க, போடுங்க."

நாலாவது வாரம் அவருக்குத் தார் மாதிரி கருப்பாகப் போயிற்று. கேப்பை தின்றால் அப்படித்தான் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தபால் பையைத் தூக்கினார். அட, ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்தால் என்ன? மூன்றாம் நாள் மாதா கோயில் வாசலில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். மாட்டுவண்டியில் போட்டு, பஸ் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரத்தம் ஏற்றி முடித்த டாக்டர் கத்தினார். "வெறும் வயித்துல யாரு குடுத்தது?"

"நானாத்தான் போட்டுக்கிட்டேன்யா," என்றார் பங்கிராஸ், கண்ணைத் திறக்காமல்.

"பொய் சொல்றாருங்க! நான்தான் குடுத்தேன். இவரு காலுக்காகத்தான்..." ஜெபமாலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிழைத்தார். மாத்திரை நின்றது. ஐப்பசியில், ரத்தம் ஓடாமல் கருகிப்போன இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். தபால் பை வேறு ஆளுக்குப் போயிற்று. அவளை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவளைத் தின்றது. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

மறு வருஷம் தவக்காலத்தின் முதல் நாள், விபூதிப் புதன்; ஊரே ஒருசந்தி இருக்கும். விடிந்ததும் கஞ்சிப் பானை முன்னால் உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. ஊற்றுவதா, வேண்டாமா? பங்கிராஸ் கம்பை ஊன்றி வந்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"ஏ புள்ள, பசிக்குது. கஞ்சிய ஊத்து. ஒனக்கும் சேத்து ஊத்து."

ஊற்றினாள். அவர் முதல் வாய் குடித்த பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொட்டாள்.