தலைக்கு மேல் கை போனால் குந்தும் நாய்

என் மச்சான் தம்பலகாமத்தில் கொக்கு, தாரா சுட்டுத் திரிந்தவர். சண்டை தொடங்கி வேட்டைத் துவக்கை ஒப்படைக்கச் சொன்னபோது, துவக்கைப் பொலிசிலும் நாயை எங்கள் வீட்டிலும் ஒப்படைத்தார்.

வெடி கேட்டால் விழுந்த பறவையைத் தூக்க ஓடிப் பழகிய நாய் அது. இங்கேயோ துறைமுகத்துக்குள் சுழியோடிகள் வராமலிருக்க நேவிக்காரர் தண்ணீருக்கடியில் வெடி போடும் காலம். 'டும்' என்றதும் சனம் வீட்டுக்குள் ஓடும். இது சத்தம் வந்த பக்கம் ஓடும். அந்தப் பக்கம்தான் சென்றி, சிப்பாய்கள் ஆட்களைச் சோதிக்கும் காவலரண். எந்தக் கயிறும் அதன் பல்லுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, நாய் இன்னொருக்கா வந்தா சுடுறது" என்று காவலுக்கு நின்ற சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டான்.

ஓடும் நாயைத் தூரத்திலேயே நிறுத்திப் பழக்க வேண்டும். விசில் அடித்தால், யாருக்குச் சைகை என்று என்னையே பிடிப்பார்கள். பிள்ளையார்தான் வழி காட்டினார். வெள்ளிக்கிழமைகளில் வளவில் நின்று, கோயில் பக்கம் பார்த்துத் தலைக்கு மேல் கை கூப்புவேன். கும்பிட்டு முடிந்ததும் நாய்க்கும் ஒரு பிடி அவித்த கடலை. அதனால் கை மேலே போனாலே அது குந்திவிடும்; கை இறங்கினால்தான் எழும்பும். அதையே பிடித்துக்கொண்டேன். முதலில் கிணற்றடியில் குந்தவைத்தேன், பிறகு வேலியடியில், பிறகு பக்கத்து வெறுங்காணியின் அந்தத் தொங்கல் முனை வரைக்கும்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டா: "அக்கா, உங்கட அவர் நாயையெல்லோ கும்பிடுறார்?"

"வைரவற்ற வாகனம்தானே, கும்பிடட்டும்" என்றா என் மனைவி. "கடலை அவிக்கிறவளைத்தான் ஒருத்தரும் கும்பிடுறேல்லை."

ஒருநாள் காலை மார்க்கெட்டுக்குப் போகச் சென்றி வரிசையில் நிற்கிறேன். துறைமுகத்தில் 'டும்'. திரும்பிப் பார்த்தால், கயிற்றுத் துண்டு கழுத்தில் ஆட, றோட்டால் பறந்து வருகிறது நாய். சிப்பாய் துவக்கைத் தூக்கிவிட்டான்.

"பிள்ளையாரப்பா!" இரண்டு கையும் தலைக்கு மேல் போயின.

நாய் நடுறோட்டில் குந்தியது. துவக்கும் இறங்கியது. கண்ணீரோடு கையை இறக்கினேன். ஆனால் நாய் அசையவில்லை. எனக்குப் பின்னால் சனம் ஒவ்வொருவராகக் கை தூக்கி, மற்றச் சிப்பாயிடம் உடற்சோதனை கொடுத்துக்கொண்டிருந்தது. ஒருவர் இறக்க, அடுத்தவர் தூக்குவார். நாய்க்கு எல்லாம் கும்பிடுதான்.

எதிரே பஸ் வந்து ஹோன் அடித்தது.

"ஐயா, நாய் எடுங்கோ!"

"இந்தச் சனம் கையை இறக்கினாத்தான் அது எழும்பும் மாத்தயா."

சிப்பாய் கொஞ்சம் யோசித்தான். பிறகு கத்தினான்: "எல்லாரும் கை கீழ!"

அந்தச் சென்றியில் அப்படியொரு கட்டளையை நாங்கள் கேட்டதில்லை. சனம் ஒன்றையொன்று பார்த்துப் பயந்து பயந்து கையை இறக்கியது. நாய் எழும்பி ஓடி வந்து என் கையை மோந்தது. கடலைக்கு எங்கே போவேன்?

வரிசையில் பின்னால் நின்ற கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர் தன் கச்சான் கடலைச் சரையைப் பிரித்தார். "இந்தாங்க, இதக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கு உங்கட கையை அது நம்பாது."

நாய் தின்னும்வரை பஸ்ஸும் நின்றது, வரிசையும் நின்றது. சிப்பாயும் கை நீட்டினான். நானா அவனுக்கும் ஒரு பிடி போட்டார்.