ரேவதி அக்கா பாதியில் நிறுத்திய படம்

ரேவதி அக்கா இறந்த செய்தி அப்பாவின் போனுக்குத்தான் முதலில் வந்தது. அவர் எங்கள் கட்டடச் சங்கத்தின் செயலாளர். தோசையைப் பிட்டபடியே படித்தவர், பிட்டதை வாயில் வைக்கவில்லை. "மூணாவது மாடி ரேவதி. டெங்குவாம்" என்றார். "மெல்லச் சொல்லுங்க, இவ இருக்கா" என்றாள் அம்மா. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் மொட்டை மாடிச் சண்டையையும் எடுக்க வேண்டியிருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா எழுந்து வந்தால் கணக்குப் போடுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜோகுபாளையத்தில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் போனில் பதில் சொல்வது அவர் வேலை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தும் அவருக்குப் பேச்சு மிச்சமிருக்கும். ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இங்கிலீஷ் படம் காட்டுவார். சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே பேசுவார். ஒருமுறை கீழ் வீட்டு நந்தினி, "அக்கா, விண்வெளியில சத்தமே கேக்காதுன்னு எங்க மிஸ் சொன்னாங்க" என்றாள். "அதனாலதான்டி நான் பேசுறேன்" என்றார் அக்கா.

கடைசியாகக் காட்டியதும் விண்வெளிப் படம்தான். ஒரு சரக்குக் கப்பல் பூமிக்குத் திரும்புகிறது. வழியில், பழுதாகி நிற்கும் இன்னொரு கப்பலிலிருந்து உதவி கேட்டு ஒரு குரல் வருகிறது. அங்கே போனால் வீடு திரும்ப எரிபொருள் போதாமல் போகலாம். நாங்கள் பார்த்த வரை யாரும் யாரையும் சுடவில்லை. போவதா, வேண்டாமா என்ற கவலைதான் அதுவரை முழுக்க. பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள்.

அந்தச் சரக்குக் கப்பலின் இயந்திர மனிதனை அக்கா நம்ம ஊர் பஸ் கண்டக்டராக்கிவிட்டார். வெளியே பாறைகள் பாய்ந்து வரும்போது அவன், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி, டோர் ஹத்ர நில்பேடி" என்று கன்னடத்தில் கேப்டனையே கதவருகிலிருந்து முன்னால் விரட்டுவான். நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் அப்பா மேலே ஏறி வந்தார்.

"என்னம்மா இது, மாடி என்ன தியேட்டரா? பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது."

"இன்னும் கொஞ்சம்தான் சார். நடு வானத்துல நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

அப்பா மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது அக்கா என் பக்கம் குனிந்து, "உங்கப்பா பாவம்டி. முடிவு தெரியாமத் தூங்கப் போறாரு" என்றார்.

மறுவாரம் அக்கா சாவி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார் அப்பா. பரீட்சை முடிந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மிச்சப் படத்தை இந்த ஞாயிறு பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் நந்தினி. குரல் நான் கொடுக்க வேண்டுமாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிப் பார்த்தேன். கண்டக்டர் குரல் உடனே வந்துவிட்டது. கேப்டன் குரல் மட்டும் வரவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, கேப்டனுக்கு அக்கா குரலை மாற்றியதே இல்லை. தன் சொந்தக் குரலில்தான் பேசினார். நான் அக்கா மாதிரிப் பேசினால் பொய்யாக இருக்கிறது. நந்தினியிடம் சொன்னேன். "அப்போ நீ உன்ன மாதிரியே பேசேன்" என்றாள், ஏதோ சுலபமான விஷயம் போல.

அப்பா முன்னால் நான் அப்படிப் பேசியதே இல்லை.

சாவி ஃபிரிட்ஜ் மேல்தான் கிடக்கிறது. கேட்காமல் எடுத்துவிடலாம். ஆனால் திருட்டுத்தனமாகத் திறந்த மாடியில், பயந்து பயந்து, அந்தக் கேப்டனாகப் பேச என்னால் முடியாது. காலையில் கேட்கப் போகிறேன். "அப்பா, மாடிச் சாவி வேணும். ரேவதி அக்கா படத்த முடிக்கணும்."

கண்டக்டர் குரலை அக்கா எனக்கு விட்டுப் போயிருக்கிறார், அதை வைத்துக்கொள்கிறேன். கேப்டனுக்கு என் குரல்தான். அதை முதலில் அப்பா கேட்கட்டும்.