ஜெரால்டின் குரலைக் கேட்க லிங்கராஜபுரத்துக்கு

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு ஆவணப்படம் பார்க்க. லிங்கராஜபுரத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்த ஹெவி மெட்டல் குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்த கதை அது. பாடகன் ஜெரால்ட் என் நண்பன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த காலத்தில் ஹெப்பகோடியில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆல்பம் முடிந்த கையோடு குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது படமும் தயாராகி, வந்துவிடச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தான்.

காட்பாடியில் காலை ரயில். பெங்களூரு கன்டோன்மென்ட் வரை முன்பதிவு இருக்கை நூற்றுப் பத்து ரூபாய், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பங்காருபேட்டை தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது, அன்று முழுக்க விடவில்லை. லிங்கராஜபுரம் போகிறவர்கள் சிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம், கன்டோன்மென்ட்டிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்று நாற்பது.

ஆட்டோக்காரர் தமிழர். படம் போடும் சர்ச் ஹாலைச் சொன்னதும், கல்யாணமா என்று கேட்டார். படம் என்றேன். யார் ஹீரோ என்றார். உங்கள் ஏரியா பையன்கள் பாட்டு ரெக்கார்ட் பண்ணின கதை என்று சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அந்த காரேஜ் மேல கத்துவாங்களே, அவுங்களா? இப்போ சத்தமே இல்லியே சார்.”



ஹால் வாசலில் ஜெரால்ட் நின்றிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். கழுத்தில் மெல்லிய துணி, அதற்குப் பின்னால் மூச்சுக்கான துளை. கருவி வைத்துப் பேசும் பயிற்சி அவனுக்கு இன்னும் கைகூடவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு போனை எடுத்து எழுதிக் காட்டினான்: ‘அம்மா வந்திருக்காங்க. பயமா இருக்கு.’

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கத்தல்தான் மகனின் தொண்டையைத் தின்றுவிட்டது என்று அவன் அம்மா நம்பினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியும் மனம் ஆறவில்லை. குழுவில் மற்ற மூவரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. படம் எடுத்த ரம்யா பலமுறை நேரில் போய் அழைத்த பிறகுதான் வந்திருந்தார். முன்வரிசையில், காலையில் சர்ச்சில் பூசைக்குக் கட்டிய புடவையோடு உட்கார்ந்திருந்தார்.

படம் ஒன்றரை மணி நேரம். பைக் காரேஜுக்கு மேலே ஒரு அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை. ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். டிரம்மர் தாளத்தைத் தவறவிட்டுத் திட்டு வாங்குகிறார். ஜெரால்ட் அடித்தொண்டையிலிருந்து உறுமும்போது பின்னால் இருந்த இளைஞர்கள் கைதட்டினார்கள். அம்மா அசையவில்லை.

பிற்பாதியில் ஒரு காட்சி. டாக்டர் உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார், இன்னும் மூன்று பாட்டு பாக்கி. ஜெரால்ட் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேசுகிறான். குரல் ஏற்கெனவே கரகரத்திருக்கிறது.

“அம்மா, ஆஸ்பத்திரில பெட் காலி இல்லியாம்மா. ரெண்டு வாரம் ஆவும்னாங்க. நீ சாப்ட்டு படும்மா.”

போனை வைத்துவிட்டு எழுந்து, பாடும் அறைக்குள் போகிறான்.

எனக்கே அது புதுச் செய்தி. ஆபரேஷனை இரண்டு வாரம் அவனாகவே தள்ளிப்போட்டிருக்கிறான். பக்கத்தில் இருந்த ஜெரால்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. படம் முடிந்து விளக்கு போட்டதும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அம்மா நேராக ரம்யாவிடம் போனார். சண்டைதான் என்று நினைத்து நானும் பக்கத்தில் இருந்த ஒருவரும் கூடவே போனோம். அவர் தன் போனை எடுத்து நீட்டினார்.

“எங்கிட்ட பொய் சொல்றான் பாரு, அந்த எடம். அத மட்டும் என் போன்ல போட்டுக் குடுப்பியா?”

ரம்யா கன்னடப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவார். ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா கையமர்த்தினார்.

“பாட்டெல்லாம் வேணாம்மா. அதுல அம்மான்னு கூப்புடுறான். எங்கிட்ட அவன் கொரல் வேற எதுலயும் இல்ல.”

“ஆய்த்தும்மா” என்று கன்னடத்தில் சரி சொன்னார் ரம்யா. உடனே லேப்டாப்பைத் திறந்தார்.

நான் வெளியே போய் ஜெரால்டிடம் நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். ரெண்டு வாரத்தில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். உண்மைதானா, மனசைத் தேற்றச் சொன்னதா என்று தனக்குத் தெரியாதாம். அடியில் ஒரு வரி: ‘ஆனா அந்த மூணு பாட்டு நல்லா வந்திருக்கு, இல்ல?’

நல்லா வந்திருக்கு என்றேன். மூன்றாவது பாட்டில் மூச்சு உடைவது கேட்கிறது. அதை நான் சொல்லவில்லை.

அம்மா வெளியே வந்தார். மகனை ஏறிட்டும் பார்க்கவில்லை. படி இறங்கும்போது மட்டும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதில் வைத்திருந்தார். அவன் குடையை அவர் பக்கமே சாய்த்துப் பிடித்து நனைந்துகொண்டு நடந்தான். மகன் பக்கத்தில் இருக்க அவன் குரலைப் போனில் கேட்டுப் போகிற அம்மாவை நினைத்தபடியே திரும்பி வந்தேன். ஊர் வந்து சேரும் வரை எதையும் சாப்பிடத் தோன்றவில்லை.

இந்தப் படம் பெங்களூரில் சின்னச் சின்ன ஹால்களில் அவ்வப்போது ஓடுகிறது, அனுமதி இலவசம். காலை ரயிலில் போனால் மாலையே திரும்பிவிடலாம். மெட்டல் கேட்டுப் பழகாதவர்கள் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்காருங்கள். ஆகஸ்ட் என்றால் குடை கட்டாயம். முடிந்ததும் ஜெரால்ட் வாசலில் நிற்பான். கேள்வி கேளுங்கள், அவனுக்குப் பிடிக்கும். போனில் பதில் எழுத நேரமாகும். பாதி எழுதும்போதே எட்டிப் பார்த்து, இதைத்தானே சொல்ல வருகிறீர்கள் என்று நீங்களாக முடித்துவிடாதீர்கள். அவன் எழுதி முடிக்கட்டும்.